சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரம் என்று மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டுநர் 460 கிலோமீட்டர் என்பார். விமானி 420 கிலோமீட்டர் என்பார். அடிக்கடி சென்றுவரும் வியாபாரியோ, "இரவு சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம்" என்பார். மூவரும் சொல்வது சரிதான். முதல் இருவரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிறார்கள்; மூன்றாமவர் அதை நேரத்தில் சொல்கிறார்.

ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே இரண்டு தூரங்கள் எப்படி வந்தன? மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் நம்மை அரை மணி நேரத்தில் மதுரையில் சேர்த்துவிட வேண்டும் அல்லவா? அப்படிச் சேர்ப்பதில்லையே, ஏன்? ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நீங்கள் படித்த கணக்கைக் கொண்டே இதற்கு விடை காண்போம்.

வரைபடத்தில் இரு புள்ளிகள்

முதலில் விமானியின் தூரத்தைக் கணக்கிடுவோம். பூமியின் மேல் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. சென்னையின் அட்சரேகை 13.08 பாகை வடக்கு, தீர்க்கரேகை 80.27 பாகை கிழக்கு. மதுரைக்கு இவை முறையே 9.93 வடக்கு, 78.12 கிழக்கு.

ஒரு பாகை என்பது எத்தனை கிலோமீட்டர்? 1791-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர்கள் மீட்டர் என்னும் அளவை வகுத்தபோது, வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தின் ஒரு கோடியில் ஒரு பங்கே ஒரு மீட்டர் என்று கொண்டார்கள். ஆகவே அந்தத் தூரம் 10,000 கி.மீ.; துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றிவர 40,000 கி.மீ. இதை 360-ஆல் வகுத்தால், வடக்கு தெற்காக ஒரு பாகைக்கு 111 கி.மீ. கிடைக்கிறது.

இரு ஊர்களின் அட்சரேகை வேறுபாடு 3.15 பாகை. எனவே மதுரை சென்னைக்குத் தெற்கே 3.15 × 111 = 350 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கிழக்கு மேற்காக அளக்கும்போது ஒரு சிறு திருத்தம் வேண்டும். தீர்க்கரேகைகள் ஆரஞ்சுச் சுளைகளின் விளிம்புகளைப் போன்றவை. நடுவில் அகன்றிருந்து துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல அவை நெருங்கிவிடுகின்றன. அதனால் 111 என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகை 11.5 பாகை, அதன் கொசைன் 0.98. எனவே இங்கே ஒரு பாகைக்கு ஏறக்குறைய 108.8 கி.மீ. தீர்க்கரேகை வேறுபாடு 2.15 பாகை ஆதலால், மதுரை சென்னைக்கு மேற்கே 234 கி.மீ. தள்ளி இருக்கிறது.

இனி உங்களுக்குத் தெரிந்த செங்கோண முக்கோணம்தான். தெற்கே 350, மேற்கே 234 என்றால் கர்ணம் எவ்வளவு? பிதாகரஸ் தேற்றப்படி 350-இன் வர்க்கம் 1,22,500. 234-இன் வர்க்கம் 54,756. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 421 கி.மீ. வருகிறது. விமானியின் விடை கிடைத்துவிட்டது!

ஒரு கயிற்றைக்கூடப் பிடிக்காமல் இதைச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு முன்னோர் பட்ட பாடு காரணம். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் என்பவர் எஃகுச் சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறக்குறைய 12 கி.மீ. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன் பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று கோணங்களை மட்டும் அளந்துகொண்டே சென்ற அந்தப் பணி, பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. இன்று சென்னை விமான நிலையமும் அதே பரங்கிமலைக்கு அருகில்தான் இருக்கிறது.

உருண்டையின் மேல் நேர்கோடு

"பூமி உருண்டை ஆயிற்றே! அதன் மேல் நேர்கோடு எப்படிப் போட முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உண்மையான நேர்கோடு வேண்டுமென்றால் பூமியைத் துளைத்துக்கொண்டுதான் போகவேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் அப்படி ஒரு சுரங்கம் தோண்டினால், நடுவழியில், அதாவது விருத்தாசலத்துக்குச் சற்று மேற்கே, அது தரைக்குக் கீழே மூன்றரை கி.மீ. ஆழத்தில் செல்லும். இத்தனை பாடுபட்டுத் தோண்டினால் எவ்வளவு தூரம் மிச்சமாகும் தெரியுமா? ஏறக்குறைய 77 மீட்டர்! இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பூமியைத் தட்டையாகக் கருதுவதில் பெரிய பிழை ஏதும் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

விமானம் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா? கூடும். ஆனால் 10 கி.மீ. உயரத்தில் பறந்தாலும், இந்த 421 கி.மீ.க்குக் கூடுவது முக்கால் கி.மீ.கூட இல்லை.

சாலை வளைவது ஏன்?

இப்போது ஓட்டுநரின் 460 கி.மீ.க்கு வருவோம். சாலை நேர்கோட்டில் செல்வதில்லை. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மேலூர் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம், காவிரி ஆகிய ஆறுகளை, பாலம் கட்ட வசதியான இடம் பார்த்துக் கடக்கிறது. ஏரியைக் கண்டால் ஒதுங்குகிறது. குன்றைக் கண்டால் சுற்றுகிறது.

சாலைத் தூரத்தை நேர்த்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 460 ÷ 421 = 1.09. இதைச் சுற்றுவிகிதம் என்று அழைப்போம். சாலை முழுதும் நேராக இருந்தால் இவ்விகிதம் 1. எனவே சென்னை மதுரைச் சாலை மிகக் குறைவாகவே சுற்றுகிறது. காரணம் என்ன? தமிழ்நாட்டுப் படத்தில் சென்னையையும் மதுரையையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஏறக்குறைய திருச்சியின் மேலேயே செல்லும்!

எல்லாச் சாலைகளுக்கும் இந்த நல்வாய்ப்பு இல்லை. பழநிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்த்தூரம் சுமார் 24 கி.மீ.தான். சாலையில் சென்றாலோ சுமார் 65 கி.மீ. சுற்றுவிகிதம் 2.7! கொடைக்கானல் பழநியைவிட ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்குத்தாக ஏறினாலும் சுற்றி ஏறினாலும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யவேண்டிய வேலை ஒன்றே என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஆனால் செங்குத்தான பாதையில் அந்த வேலைக்கு மிகப் பெரிய விசை வேண்டும். பாதையை நீட்டிச் சரிவைக் குறைத்தால், சிறிய விசையே போதும். 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயர்வு என்று வைத்துக்கொண்டால், ஏறுவதற்கு மட்டுமே 36 கி.மீ. சாலை தேவை. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இதற்காகப் போட்டவைதான்.

சராசரி வேகம் என்னும் பொறி

தூரம் தெரிந்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் அல்லவா? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு கார் பாதித் தூரத்தை, அதாவது 230 கி.மீ.ஐ, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். மீதிப் பாதியை, ஊர்நெரிசல், சுங்கச்சாவடி, சாப்பாட்டு நிறுத்தம் எல்லாம் சேர்ந்து, மணிக்கு 40 கி.மீ. வீதமே கடக்கிறது. சராசரி வேகம் என்ன? "80-ம் 40-ம் 120, அதில் பாதி 60" என்று சொல்லிவிடாதீர்கள். முதல் பாதிக்கு 2 மணி 52 நிமிடம். இரண்டாம் பாதிக்கு 5 மணி 45 நிமிடம். மொத்தம் 8 மணி 37 நிமிடம். 460 கி.மீ.ஐ இதனால் வகுத்தால் சராசரி 53 கி.மீ.தான். 60 என்று நம்பிப் புறப்பட்டவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவார்.

காரணம் எளிது. மெதுவாகச் செல்லும் பகுதியில் கார் அதிக நேரம் இருக்கிறது. ஆகவே சராசரியை அந்தக் குறைந்த வேகமே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நல்ல நான்குவழிச் சாலையில், நெரிசல் குறைந்த நாளில், சராசரி 60 கி.மீ. கிடைக்கக்கூடும். இனிவரும் கணக்குகளில் 60 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மதுரைக்கு 7 மணி 40 நிமிடம்.

விமானப் பயணத்தின் மறைந்த பகுதி

இனி விமானத்தில் ஏறுவோம். ஏறுவதற்கு முன்பே எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பட்டியல் போடுவோம்:

வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல – 45 நிமிடம்
முன்னதாக வந்து, பெட்டியை ஒப்படைத்து, சோதனை முடித்துக் காத்திருக்க – 90 நிமிடம்
ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், கீழிறங்குதல் ஆகியவற்றால் கூடும் நேரம் – 30 நிமிடம்
இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர – 20 நிமிடம்
மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்ல – 25 நிமிடம்

மொத்தம் 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். உங்கள் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து இவ்வெண்கள் சற்று மாறலாம். ஆனால் ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். நீங்கள் மதுரைக்குப் போனாலும் தில்லிக்குப் போனாலும் இந்த மூன்றரை மணி பெரிதும் மாறப்போவதில்லை. தூரத்துக்குக் கட்டுப்படாத இப்பகுதியை நிலைநேரம் என்போம். பறக்கும் சராசரி வேகத்தை மணிக்கு 700 கி.மீ. என்று கொண்டால் சூத்திரம் இதுதான்:

விமான நேரம் = 3.5 + (நேர்த்தூரம் ÷ 700) மணி

மதுரைக்கு 421 ÷ 700 = 0.6 மணி, அதாவது 36 நிமிடம். நிலைநேரத்தையும் சேர்த்தால் 4.1 மணி. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்த்தால், விமானப் பயணியின் சராசரி வேகம் மணிக்கு 103 கி.மீ.தான்!

தில்லிக்கு நேர்த்தூரம் சுமார் 1,760 கி.மீ. சூத்திரத்தில் போட்டால் 3.5 + 2.5 = 6 மணி. தூரம் நான்கு மடங்குக்கு மேல் கூடியும், நேரம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. காரில் தில்லி செல்வதானால், சாலைத் தூரம் சுமார் 2,200 கி.மீ.; நிற்காமல் ஓட்டினாலும் 36 மணிக்கு மேல் ஆகும்.

விமானத்தை இன்னும் வேகமாகப் பறக்கவிட்டால் என்ன? 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கன்கார்டு விமானம் மணிக்கு 2,100 கி.மீ. வேகத்தில் பறந்தது. அந்த வேகத்தில் மதுரைக்குப் பறந்தால் 36 நிமிடம் 12 நிமிடமாகும். மிச்சம் 24 நிமிடம்! அந்த 24 நிமிடத்தை விமான நிலையத்துக்கு விரைவாகச் செல்ல ஒரு வழி செய்தே மிச்சப்படுத்தி விடலாம். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை மெட்ரோ ரயில் விமான நிலையம் வரை வந்தது. வேகத்தை மூன்று மடங்காக்கும் வேலையை, நெரிசலில்லாத ஒரு ரயில்பாதையே இங்கே செய்துவிடக்கூடும்.

எத்தனை கிலோமீட்டருக்கு மேல்?

அப்படியானால் எந்தத் தூரம் வரை சாலை மேல்? எந்தத் தூரத்துக்கு அப்பால் விமானம் மேல்? இதை ஒரு வியாபாரக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

சுற்றுவிகிதத்தை 1.1 என்று கொண்டால், ஒவ்வொரு கி.மீ. நேர்த்தூரத்துக்கும் கார் 66 விநாடி எடுத்துக்கொள்கிறது. விமானம் எடுத்துக்கொள்வது 5 விநாடி. ஆக ஒவ்வொரு கி.மீ.க்கும் விமானத்தால் 61 விநாடி லாபம். ஆனால் அதற்கு முன்பணமாக மூன்றரை மணியை, அதாவது 12,600 விநாடியைக் கட்டியாக வேண்டும். முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? 12,600 ÷ 61 = 207. எனவே நேர்த்தூரம் ஏறக்குறைய 200 கி.மீ.க்குக் குறைவானால் கார்தான் முந்தும். அதற்கு மேலானால் விமானம் முந்தும்.

சென்னையிலிருந்து புதுச்சேரி நேர்த்தூரம் சுமார் 136 கி.மீ. காரில் இரண்டரை மணி; விமானத்தில் சென்றாலோ 3.7 மணி!

இந்த எல்லைக்கோடு நிலையானதன்று. நெரிசலால் சாலையின் சராசரி வேகம் 40 ஆகக் குறைந்தால், எல்லை 134 கி.மீ.க்கு இறங்கிவிடும். விரைவுச் சாலை அமைத்துச் சராசரியை 100 ஆக்கினால், எல்லை 360 கி.மீ.க்கு ஏறிவிடும். ஒரு புதிய சாலை போடும்போது, விமானத்துக்கும் காருக்கும் உள்ள எல்லைக்கோட்டையே நகர்த்துகிறோம்.

நீண்ட வழி, குறைந்த நேரம்

தூரம் கூடினால் நேரமும் கூடத்தானே வேண்டும்? வானில் அதுவும் எப்போதும் உண்மையில்லை. தில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் ஏர் இந்தியா விமானம் முன்பு மேற்கு நோக்கி, அட்லாண்டிக் வழியாகச் சென்றுகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கு நோக்கி, பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். இந்த வழி முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 1,400 கி.மீ. அதிக நீளம். ஆயினும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே விமானம் போய்ச் சேர்ந்தது!

பூமி சுழல்வதால் ஊர் எதிர்கொண்டு வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. காரணம் வேறு. உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டங்கள் வீசுகின்றன. கிழக்கே செல்லும் விமானத்தின் வேகத்தோடு காற்றின் வேகம் கூடுகிறது. மேற்கே செல்லும் விமானத்தின் வேகத்திலிருந்து கழிகிறது. ஆற்றோட்டத்தோடு செல்லும் படகையும், எதிர்த்துச் செல்லும் படகையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இதயத்தின் பயணம்

இதெல்லாம் வெறும் கணக்கா? ஓர் உயிரே இக்கணக்கை நம்பியிருக்கும் சமயமும் உண்டு.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெற்று, பிற நோயாளிகளுக்குப் பொருத்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. தானமாகப் பெற்ற சிறுநீரகம் குளிர்ச்சியில் பல மணி நேரம் தாங்கும். இதயம் அப்படித் தாங்காது. ஒரு மார்பிலிருந்து எடுத்து மற்றொரு மார்பில் பொருத்தி, அது மீண்டும் இரத்தம் பெறுவது வரை எல்லாம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு.

மதுரையில் ஓர் இதயம் கிடைக்கிறது; அதற்காகக் காத்திருப்பவர் சென்னையில் படுத்திருக்கிறார் என்று கொள்வோம். சாலை வழியே 7 மணி 40 நிமிடம். பயனில்லை. ஆம்புலன்ஸ் மணிக்கு 100 கி.மீ. சராசரியில் பறந்தாலும் 4 மணி 36 நிமிடம். அதுவும் பயனில்லை. விமானத்தில் சாதாரணப் பயணியைப் போல் சென்றால் 4.1 மணி. அதுவும் வரம்பைத் தாண்டிவிடுகிறது!

இப்போது நிலைநேரத்தின் மீது கை வைக்கிறார்கள். இதயப் பெட்டியுடன் வருபவர்களுக்கு வரிசையும் காத்திருப்பும் இல்லை. விமானம் புறப்படத் தயாராக நிற்கிறது. இரு ஊர்களிலும் போக்குவரத்துக் காவலர்கள் சந்திக்குச் சந்தி நின்று வழியை ஒழித்துத் தருகிறார்கள். இதற்குப் பசுமை வழித்தடம் என்று பெயர். மருத்துவமனையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு 20 நிமிடம், விமானத்தில் 66 நிமிடம், சென்னையில் 20 நிமிடம் என்று கொண்டால், மொத்தம் 1 மணி 46 நிமிடம். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மீதம் இருக்கிறது.

விமானத்தின் வேகம் ஒரு சிறிதும் கூடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சாலைச் சந்திப்பில் நின்ற காவலரும், வழிவிட்டு ஒதுங்கிய பஸ் ஓட்டுநரும் சேர்ந்துதான் அந்த நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தார்கள். அடுத்தமுறை ஆம்புலன்ஸ் ஒலி கேட்டு நீங்கள் சைக்கிளை ஓரம் கட்டும்போது, இந்தக் கணக்கில் உங்கள் பங்கும் சேர்ந்துவிடுகிறது.

செய்து பாருங்கள்

1. கோயம்புத்தூரின் அட்சரேகை 11.02 வடக்கு, தீர்க்கரேகை 76.96 கிழக்கு. சென்னையிலிருந்து அதன் நேர்த்தூரத்தைக் கணக்கிடுங்கள். விடை 426 கி.மீ.க்கு அருகில் வரவேண்டும். மதுரையின் தூரமும் ஏறக்குறைய இதுவேதான். ஆனால் கோவைக்குச் சாலை வழி சுமார் 500 கி.மீ. ஏன் இந்த வேறுபாடு? மலைகளையும் ஆறுகளையும் காட்டும் படத்தைப் பார்த்து விடை தேடுங்கள்.

2. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்த்தூரம் எவ்வளவு, தெருவழித் தூரம் எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சுற்றுவிகிதத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் நண்பர்களின் விகிதங்களோடு ஒப்பிடுங்கள்.

3. ரயில் பயணத்துக்கும் நிலைநேரம் உண்டு. அது விமானத்தின் நிலைநேரத்தைவிட ஏன் குறைவு? பட்டியல் போட்டு, உங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு எந்த வழி விரைவானது என்று முடிவு செய்யுங்கள்.

இனி யாராவது உங்களிடம் "அந்த ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "எந்த வழியாக? என்ன அவசரம்?" என்று முதலில் கேளுங்கள். சரியான விடை அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.